டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானப் பயணம்: தூரம் ஒன்றே, நேரம் மாறுவது ஏன்?

டெல்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்திற்கும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ சர்வதேச விமான நிலையத்திற்கும் இடையிலான மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 12,400 கி.மீ. ஆகும். இடைநில்லா விமானத்தில் செல்ல ஏறக்குறைய 16 மணி நேரம் தேவைப்படும். எனினும், 2016 அக்டோபரில் 15,300 கி.மீ. சுற்றிப் பறந்த ஏர் இந்தியா விமானம் பதினான்கரை மணி நேரத்தில் சென்றடைந்தது. தூரம் மட்டுமே பயண நேரத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது சான்று.

குறுகிய பாதை எது?

உலக வரைபடத்தில் மேற்கே வெகு தொலைவில் தெரியும் சான் பிரான்சிஸ்கோவுக்கு, உருண்டையான புவியில் மிகக் குறுகிய பாதை வடக்கே சைபீரியா, ஆர்க்டிக் பகுதி வழியாகவே அமைகிறது. ஆனால், டெல்லிக்கு வடக்கே இமயமலையும் திபெத் பீடபூமியும் உள்ளன. விமானத்திற்குள் காற்றழுத்தம் குறைந்தால் உடனடியாகத் தாழ்வான உயரத்திற்கு இறங்க வேண்டும். உயர்ந்த மலைகளின் மேல் அது இயலாது என்பதால், விமானங்கள் பொதுவாக அப்பகுதியைத் தவிர்க்கின்றன.

காற்றின் பங்கு

சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக 'ஜெட் ஸ்ட்ரீம்' எனப்படும் வலுவான காற்று வீசுகிறது. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்திற்கு 100 கி.மீ. வேகக் காற்று பின்னாலிருந்து வீசினால், தரைவேகம் 900 கி.மீ. ஆகும், எதிர்த்து வீசினால் 700 கி.மீ. ஆகக் குறையும். அட்லாண்டிக் பாதையைவிட 1,400 கி.மீ. நீண்ட பசிபிக் பாதையில் ஏறக்குறைய 2 மணி நேரம் மிச்சமானதற்கு இதுவே காரணம்.

வான்வெளித் தடைகள்

உக்ரைன் போரையடுத்து ரஷ்ய வான்வெளியைத் தவிர்த்த அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ், 2022 மார்ச்சில் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ சேவையை நிறுத்தியது. பஹல்காம் தாக்குதலுக்குப் பின், 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தனது வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. இதனால் டெல்லியிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் விமானங்கள் சுற்றுப்பாதையில் செல்ல நேர்ந்தது. வட அமெரிக்கா செல்லும் சில விமானங்கள் எரிபொருள் நிரப்ப வியன்னாவில் தரையிறங்கின.

பயணச்சீட்டில் கவனிக்க வேண்டியவை

பயணச்சீட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊரின் நேரப்படியே குறிப்பிடப்படும். சான் பிரான்சிஸ்கோ நேரம் இந்திய நேரத்தைவிடக் கோடைக்காலத்தில் பன்னிரண்டரை மணி நேரமும், குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் பின்தங்கியது. கோடையில் அதிகாலை 4 மணிக்கு டெல்லியிலிருந்து புறப்படும் விமானம், 16 மணி நேரம் பறந்த பின்பும் அங்கு அதே நாள் காலை 7.30 மணிக்குத் தரையிறங்கும்.

எனவே, இணைப்பு விமானத்திற்கு முன்பதிவு செய்வோர் இணையத்தில் காணும் தூரத்தைக் கொண்டு நேரத்தைக் கணக்கிடாமல், விமான நிறுவனம் குறிப்பிடும் மொத்தப் பயண நேரத்தையும், இடையில் தரையிறங்கும் இடம் உள்ளதா என்பதையும் பயணத்திற்கு முன்பு மீண்டும் சரிபார்ப்பது அவசியம்.