அடுக்கு வில்

வில்லுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் கொடுமரம் என்பதும் ஒன்று. கொடு என்பது வளைவு. ஆகவே வளைந்த மரம் என்பதே அப்பெயரின் பொருளாகும். வில்லாவது மரம் என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே பதிந்து கிடக்கின்றது. ஆனால், இக்காலத்து வில் செய்வோர் பலர் மரத்தின் இருபுறத்தும் கண்ணாடி இழைகளாலாகிய பட்டைகளை ஒட்டியே வில் செய்கின்றனர். அமெரிக்க நாட்டில், வீட்டை ஒட்டிய சிறு பட்டறையில் இவ்வகை வில்லைத் தாமே செய்துகொள்வோரும் பலர் உளர். அவருள் புதியவர் சிலர், கண்ணாடிப் பட்டையை ஒட்டிவிட்டால் எம்மரமும் நல்ல வில்லாகிவிடும் என்று கருதுவதுண்டு. அக்கருத்து எத்துணைப் பிழையுடையது என்பது, வில் வளையும்போது அதனுள் நிகழ்வதை அறிந்தார்க்கு எளிதில் விளங்கும்.

நாணை இழுக்குங்கால் வில்லின் இரு கைகளும் வளைகின்றன. இலக்கை நோக்கிய வெளிப்புறம் நீட்சி அடைகின்றது. வில்லாளியின் முகத்தை நோக்கிய உட்புறம் நெருக்குண்டு சுருங்குகின்றது. இவ்விரண்டிற்கும் நடுவே நீளாமலும் சுருங்காமலும் நிற்கும் ஓர் இடமும் உண்டு. மேற்பரப்பை அணுக அணுக இழுப்பும் நெருக்கும் மிகுகின்றன. ஆகவே, வில்லின் ஆற்றலைப் பெரிதும் தாங்குவன இரு மேற்பரப்புக்களே.

இவ்வுண்மையை முன்னோர் கணக்கின்றியே கண்டிருந்தனர். ஆங்கிலேயர் தம் நெடுவில்லை யூ என்னும் மரத்தால் செய்தனர். அம்மரத்தின் வெளி வெண்மரம் இழுப்பைத் தாங்கும். உள் வைரம் நெருக்கைத் தாங்கும். இயற்கையே இரண்டு பொருள்களை ஒட்டி வைத்தாற்போன்றது அம்மரம். 1545 ஆம் ஆண்டில் கடலில் மூழ்கி, 1982 இல் மேலே கொணரப்பட்ட மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலில் இத்தகைய விற்கள் நூற்றுக்கு மேற்பட்டன கிடைத்தன. துருக்கியரும் மங்கோலியரும் கொரியரும் இயற்கையை எதிர்பாராது, தாமே பொருள்களைச் சேர்த்தனர். நடுவே மரமோ மூங்கிலோ வைத்து, நெருக்குண்ணும் உட்புறத்தில் எருமைக்கொம்பு முதலியவற்றையும், நீளும் வெளிப்புறத்தில் விலங்கின் தசைநாரையும் ஒட்டினர். கொரியர் மீனின் காற்றுப்பையைக் காய்ச்சி எடுத்த பசையைப் பயன்படுத்தினர். ஒரு வில் பல மாதங்கள் உலரவேண்டியிருந்தது. அவ்விற்கள் குறுகியவை, ஆயினும் ஆற்றல் மிக்கவை. அவற்றின் பகை ஈரமே. காற்றில் நீர்ப்பதம் மிகுந்தால் பசை இளகும். ஆதலின் கொரியர் தம் வில்லை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துக் காத்தனர்.

நூற்றாண்டுகள் பல கழிந்தபின், அமெரிக்க இயற்பியலறிஞர் ஹிக்மன் என்பவர் வில்லை அளந்து ஆராயத் தொடங்கினார். இராக்கெட்டு ஆராய்ச்சியிலும் பெயர் பெற்ற அவர், உருண்டு திரண்ட கையினும் தட்டையான கையே சிறந்தது என 1930 ஐ அடுத்த ஆண்டுகளில் காட்டினார். உருண்ட கையில் ஒரு சிறு பகுதியே மேற்பரப்பில் அமைந்து பெருஞ்சுமையைத் தாங்குகின்றது. தட்டையான கையிலோ அகலம் முழுவதும் சுமையைப் பகிர்ந்து கொள்கின்றது. தட்டையான கை என்றதும் தட்டையான பட்டைகளை ஒட்டும் வழி தானே திறந்தது. ஒட்டுதற்குரிய பொருளும் விரைவில் வந்து சேர்ந்தது. உருக்கிய கண்ணாடியை நூலினும் மெல்லிய இழையாக இழுத்துப் பிசினில் தோய்த்து இறுக்கிய பட்டையே அது. கண்ணாடிச் சில்லு உடைவதற்குக் காரணம் அதன் மேலுள்ள நுண்ணிய கீறல்கள். மிக மெல்லிய இழையில் அக்கீறல்களுக்கு இடம் குறைவாதலின், அவ்விழை வியத்தகு வலிமை உடையதாகின்றது.

மிச்சிகன் மாநிலத்துக் கிரேலிங் என்னும் ஊரில் வில் தொழிற்சாலை நடத்திய பிரெட் பேர் என்பார் (1902–1988) 1950 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இப்பட்டையைப் பெருவழக்காக்கியவருள் ஒருவர். முதலிற் பயன்பட்டது நெய்த கண்ணாடித் துணி. அதில் ஒரு குறை இருந்தது. துணியின் பாவு நீளவாட்டில் ஓடினாலும், ஊடை குறுக்கே கிடந்து வேலை செய்யாது. பாவும் ஊடையின் மேலும் கீழும் அலையலையாக நெளிந்து செல்வதால், முதலில் நெளிவு நிமிர்ந்த பின்னரே இழுப்பைத் தாங்கும். ஆகவே, இழைகள் அனைத்தும் நீளவாட்டிலேயே அமைந்த பட்டை வந்தது. வீட்டில் வில் செய்வோர் இன்று கடையில் வாங்குவது இதனையே.

இப்பட்டையின் தடிப்பு பெரும்பாலும் 1 மில்லிமீட்டரே. ஒரு வில்லின் கை 10 மில்லிமீட்டர் தடிப்புடையது எனக் கொள்க. அதில் கண்ணாடி இருபுறமும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குதான். எனினும், மேற்பரப்பில் அமைந்திருப்பதாலும், மரத்தைக் காட்டிலும் மும்மடங்கு விறைப்புடையதாதலாலும், வில்லின் விறைப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கை அதுவே தருகின்றது. அவ்வாறாயின் மரம் எதற்கு? இரண்டு பட்டைகளையும் உரிய தொலைவில் நிறுத்துவதற்கு. தொலைவு சிறிது மிகுந்தாலும் விளைவு பெரிது. ஒரு கையின் தடிப்பைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், அதன் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகின்றது. மரப்பட்டைகள் பிடியிலிருந்து நுனிநோக்கி மயிரிழை அளவாக மெலிந்து செல்லுமாறு இழைக்கப்பட வேண்டும் என்பது இதனாலேயே. இழைப்பில் பிழை நேர்ந்தால் ஒரு கை மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் வளையும். முழுமர வில்லில் வயிற்றைச் செதுக்கி இதனைத் திருத்தலாம். அடுக்கு வில்லிலோ மேலே இருப்பது கண்ணாடி. அதனைத் தேய்த்தால் வலிமையே தேயும். ஓரங்களைச் சிறிது தேய்த்தல் ஒன்றே எஞ்சிய வழி.

மரத்திற்கு வேறொரு கடமையும் உண்டு. தடித்த நூல் ஒன்றை வளைத்துப் பார்த்தால், ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதைக் காணலாம். வில்லின் அடுக்குகளும் அவ்வாறே வழுக்க முயல்கின்றன. அதனைத் தடுத்து நிற்பவை நடுமரமும் பசையுமே. ஆதலின் முடிச்சுள்ள மரமும், இழையோட்டம் கோணலான மரமும் கண்ணாடியின் கீழ் மறைந்திருந்தாலும் ஒருநாள் பிளக்கும். மேப்பிள் மரமும் மூங்கிலும் இதற்கு ஏற்றவை என்று கைபழகியவர் தேர்ந்துகொள்கின்றனர்.

பசையே இத்தொழிலின் உயிர்நிலை. எபாக்சி என்னும் இருகூற்றுப் பிசினைக் குறித்த அளவிற் கலந்து தடவுதல் வேண்டும். ஒட்டும் பரப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கித் தூசும் எண்ணெய்ப் பசையும் நீக்க வேண்டும். வழவழப்பான கண்ணாடியிலும், விரல் பட்ட இடத்திலும் பிசின் பற்றாது. பின்னர் அடுக்குகளை மர அச்சில் வைத்து அழுத்துவர். தனித்தனிக் கிளாம்புகள் ஓரிடத்தில் மிக அழுத்தி ஓரிடத்தில் விட்டுவிடும். மிக அழுந்திய இடத்தில் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடும். ஆதலின் தீயணைப்போர் பயன்படுத்தும் குழாயை அச்சினிடையே வைத்துக் காற்றேற்றி, நீளம் முழுவதும் ஒரே அளவாக அழுத்துவோர் பலர். பின்பு 70 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பமுடைய பெட்டியில் சில மணி நேரம் வைக்கின்றனர். வெளியே எடுத்தவுடன் அச்சைப் பிரித்துப் பார்க்கும் ஆவல் எவர்க்கும் உண்டு. ஆறும் வரை அதனைத் தொடலாகாது.

அண்மைக்காலத்தில் கரி இழையும் இத்தொழிலிற் புகுந்துள்ளது. அது கண்ணாடி இழையினும் விறைப்பு மிக்கது, எடையும் குறைந்தது. எடை குறைந்த கை விரைந்து மீள்வதால் அம்பின் வேகம் மிகும். ஒலிம்பிக் பந்தயத்து விற்களில் அதற்குப் பேரிடம் உண்டு. ஆயினும் கண்ணாடியைப்போல் அது நீண்டு கொடுப்பதில்லை. நெருக்குண்ணும் பக்கத்தில் அதன் வலி மேலும் குறைவு. ஆதலின் அறிந்தோர் அதனை மேற்பரப்பில் வையாது கண்ணாடிப் பட்டைக்குக் கீழ் மெல்லிய அடுக்காக வைக்கின்றனர். இழைகள் சாய்வாக ஓடும் கரிப்பட்டையை நடுவில் வைத்துக் கை முறுக்கிக்கொள்ளாமல் தடுப்பதும் உண்டு. இரண்டு இழைகளையும் அறுக்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடாது இவ்வேலையைச் செய்தல் அறியாமையாகும்.

முதல் நாண் ஏற்றியதும் வில்லை முழுதும் இழுப்பார் இலர். சிறிது இழுத்து விடாமல் மெல்லத் தளர்த்தி, மீண்டும் சற்று மிகுதியாக இழுத்து, பலமுறை பழக்குவர். இடையில் முறிவொலி போன்ற ஓர் ஓசை கேட்பினும், பட்டையின் ஓரத்தில் வெண்கோடு ஒன்று தோன்றினும் பசை விட்டது என்று பொருள். முழு இழுப்பில் 20 கிலோ எடையைத் தூக்குமளவு விசை முகத்திற்கருகே தேங்கி நிற்பதால், அவ்வில்லை எத்துணை நாள் உழைத்துச் செய்திருப்பினும் ஒதுக்கிவிடுகின்றனர். அம்பு தொடுக்காமல் நாணை விடுவதும் இவ்விற்களுக்கு ஆகாது. அம்பு கொண்டு செல்லவேண்டிய ஆற்றல் முழுவதும் அப்பொழுது வில்லின் கைகளுக்கே திரும்பி, ஒட்டிய அடுக்குகளைப் பிளந்துவிடும்.