எலும்பைக் கொறிக்கும் இடுக்கி!

முதுகெலும்பு ஆபரேஷனுக்கு உதவும் கருவிகள்

கம்பம் பள்ளத்தாக்கில் எங்கு பார்த்தாலும் தென்னந்தோப்புகள்தான். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வழி நெடுகப் பச்சைப்பசேல் என்று இருக்கும்.

அந்தத் தென்னையில் ஏறிக் காய் பறிப்பவர்களின் உயிர், அவர்களுடைய கையிலும் காலிலும்தான் இருக்கிறது. மரம் ஈரமாக இருந்து, கால் வழுக்கினால் போதும். 50 அடி உயரத்தில் இருந்து கீழே விழ வேண்டியதுதான்!

விழுந்தவரின் முதுகெலும்பு முறிந்தால் என்ன ஆகும்?

தண்டுவடம்

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. குழந்தையாக இருக்கும்போது அதில் 33 எலும்புகள் உண்டு. வளர்ந்த பிறகு அடியில் உள்ள சில எலும்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

இந்த எலும்புகள் வளையங்களை அடுக்கி வைத்ததுபோல் இருக்கின்றன. நடுவில் உள்ள துவாரத்தில் தண்டுவடம் ஓடுகிறது. அதன் பருமன் நம் சுண்டு விரல் அளவுதான். "நட", "நில்", "உட்கார்" என்று மூளை இடும் கட்டளைகளைக் காலுக்குக் கொண்டுபோவது அதுதான்.

உடைந்த எலும்பு தண்டுவடத்தை அழுத்தினால் கால் மரத்துப் போகும். அசையாமலும் போகலாம். அழுத்தும் எலும்பை டாக்டர்கள் வெட்டி எடுக்க வேண்டும். ஆனால் அதற்கு ஒட்டினாற்போல் இருக்கும் தண்டுவடத்தின் மீது ஒரு கீறல்கூட விழக் கூடாது!

கொறித்துக் கொறித்து...

இந்த வேலைக்கென்றே ஓர் இடுக்கி இருக்கிறது. "கெரிசன்" என்று அதற்குப் பெயர். பிடித்தால் கைத்துப்பாக்கி போல இருக்கும். அதன் நுனியில் மெல்லிய உதடு ஒன்று உண்டு. டாக்டர் அந்த உதட்டை எலும்புக்கு அடியில் மெதுவாக நுழைப்பார். பிடியை அழுத்தியதும் மேலே உள்ள கத்தி முன்னால் வந்து, எலும்பில் ஒரு துணுக்கைக் கடித்து எடுக்கும். தண்டுவடத்துக்கும் கத்திக்கும் நடுவே அந்த உதடு காவலாக நிற்கும்.

ஒரு கடியில் வருவது சில மில்லிமீட்டர் எலும்புதான். அணில் கொறிப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்கள். இத்தகைய இடுக்கிகளை டாக்டர்கள் "ரோஞ்சர்" என்பார்கள். பிரெஞ்சு மொழியில் அதற்கு அர்த்தமே "கொறிப்பது" என்பதுதான்!

உளியும் சுத்தியும்கூட உண்டு. நிமிஷத்துக்குப் பல ஆயிரம் தடவை சுழன்று எலும்பைத் தேய்க்கும் மிஷினும் உண்டு. அது சூடாகாமல் இருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் துறை வளர்ந்த கதை பெருமைக்குரியது. 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி, மூளை, நரம்பு ஆபரேஷனுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதலாவது. அடுத்த ஆண்டு சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.ராமமூர்த்தி இந்தப் பணியைத் தொடங்கினார்.

ஒரு கருவி, பல நோயாளிகள்

இந்தக் கருவிகளின் விலை அதிகம். அதனால் பெரும்பாலானவற்றை ஒரு தடவையோடு எறிந்துவிடுவது இல்லை. இன்று ஒருவர் முதுகில் வேலை செய்த இடுக்கி, நாளை இன்னொருவர் முதுகில் வேலை செய்யும்.

அப்படியானால் ஒருவருடைய நோய்க் கிருமி மற்றவருக்குத் தொற்றாதா?

தொற்றாமல் தடுப்பது நீராவி! 1679-ல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், எலும்பையும் குழையச் செய்யும் பானை ஒன்றை உருவாக்கினார். நம் வீட்டுப் பிரஷர் குக்கருக்கு அதுதான் பாட்டன். சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 1879-ல், லூயி பாஸ்டரின் உதவியாளர் சேம்பர்லாந்து, அதே முறையில் கிருமிகளைக் கொல்லும் பாத்திரத்தை அமைத்தார். அதன் பெயர் "ஆட்டோகிளேவ்".

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அந்தச் சூட்டிலும் சாகாத கிருமிகள் உண்டு. ஆட்டோகிளேவில் அழுத்தத்தோடு 121 டிகிரி நீராவியில் 15 நிமிஷத்துக்குக் குறையாமல் வைத்தால் அவையும் சாகும்.

முன்பு கருவிகளுக்கு மரத்திலும் தந்தத்திலும் பிடி போட்டார்கள். நீராவி வந்ததும் அவை போய், முழுவதும் உலோகம் ஆயின. இன்று பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு, அதாவது நாம் "எவர்சில்வர்" என்கிறோமே, அந்த வகைதான்.

கழுவுவதில் இருக்கிறது சூட்சுமம்

ஆனால் நீராவிக்கும் ஒரு குறை உண்டு. அழுக்கு ஒட்டியிருந்தால் அதற்குள் நீராவி சரியாகப் புகாது. பானையில் காய்ந்த பருக்கை ஒட்டிக்கொள்வதுபோல், கெரிசனின் வாயிலும் இடுக்கிலும் எலும்புத் துணுக்கும் ரத்தமும் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே அவை காயும் முன்பே கருவிகளைக் கழுவ வேண்டும். கழற்றக் கூடியதைக் கழற்றி, மருந்து கலந்த நீரில் ஊற வைத்து, சின்ன பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்ப்பார்கள். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். சுத்தமாக இருந்தால்தான் நீராவிக்குப் போகும்.

முனை மழுங்கிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். அட்டைத் துண்டு ஒன்றை வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சுத்தமாக வெட்டினால் சரி. பிய்த்தால் அதைச் சாணைக்கோ பழுது பார்க்கவோ அனுப்ப வேண்டும். மழுங்கிய அரிவாளோடு மரம் ஏறுவார் உண்டா? மழுங்கிய இடுக்கியைப் பிடித்து இழுத்தால், பக்கத்தில் உள்ள தண்டுவடத்துக்கு ஆபத்து!

தூக்காதீர்கள்!

எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும், அறுந்த தண்டுவடத்தை ஒட்ட வைக்க முடியாது. 1954-ல் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் வாகன விபத்தில் சிக்கினார். அவரது கால்கள் மீளவே இல்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அவர் முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது.

ஆகவே, மரத்தில் இருந்து விழுந்தவரை முதல் சில நிமிஷங்களில் எப்படிக் கையாளுகிறோம் என்பது மிகவும் முக்கியம்.

கையைக் காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. உட்கார வைக்கக் கூடாது. மோட்டார் சைக்கிளில் நடுவில் வைத்துக் கொண்டுபோகவே கூடாது. உடைந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கிவிடும். தண்ணீர், சோடா எதுவும் கொடுக்க வேண்டாம். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆம்புலன்சில் வருகிறவர்கள் பலகையில் படுக்க வைத்து எடுத்துச் செல்வார்கள். தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டி அருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

தோப்பில் அசையாமல் பிடித்தவர், ஆபரேஷன் செய்த டாக்டர், முந்தின நாளே இடுக்கியைத் தேய்த்துக் கழுவி வைத்த ஊழியர் — இந்த மூவரில் ஒருவர் தவறினாலும் காரியம் கெட்டுவிடும். டாக்டரை எல்லோரும் கும்பிடுவார்கள். கழுவி வைத்தவரின் முகத்தை நோயாளி பார்ப்பதே இல்லை. ஆனாலும் அவர் எழுந்து நடப்பதில் அந்தக் கைக்கும் பங்கு உண்டு!