ஃபார்ம் 16 இன்னும் வரலையா? காத்துக்கிட்டே இருக்கவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம்

ஜூலை வந்துட்டா ஊர்ல இருந்து எனக்கு வர்ற போன்ல பாதி ஒரே கேள்விதான். "அண்ணே, பழைய கம்பெனி இன்னும் ஃபார்ம் 16 தரல. ரிட்டர்ன் போடலாமா, வேண்டாமா?"

கேட்கிறவங்க பெரும்பாலும் ஆர்.எஸ்.மங்கலத்துல இருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன தம்பி, தங்கச்சிகள். வருஷ நடுவுல கம்பெனி மாறினவங்க.

எங்க ஊர்க் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' கண்மாய்னு சொல்லுவாங்க. ஒரு மடையை மட்டும் பார்த்துட்டு மொத்தத் தண்ணியையும் கணக்குப் போட முடியாது. உங்க வருமானமும் அப்படித்தான். ஒரு கம்பெனியோட ஃபார்ம் 16 மட்டும் முழுக் கணக்கு ஆகாது.

ஏன் லேட்டாகுது?

ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் பிடிச்ச டிடிஎஸ் கணக்கை கம்பெனி மே 31-க்குள்ள தாக்கல் பண்ணணும். அதுக்கு அப்புறம்தான் ஃபார்ம் 16 வரும். அதுக்குக் கெடு ஜூன் 15. பேங்க் வட்டி, டிவிடெண்ட் விவரங்களை பேங்குகளும் கம்பெனிகளும் வருமான வரித்துறைக்குக் கொடுக்கவும் மே 31 வரை டைம் இருக்கு. அதனாலதான் ஏப்ரல், மே மாசத்துலயே ரிட்டர்ன் போடுறவங்க பின்னாடி மாட்டிக்கிறாங்க. அப்போ ஏஐஎஸ் பாதிதான் நிரம்பியிருக்கும்.

2025-ல, 2024-25 நிதியாண்டுக்கான கடைசித் தேதியை ஜூலை 31-ல இருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளினாங்க. 2025 மே 27 அன்னிக்கு வந்த அந்த அறிவிப்புலயே, டிடிஎஸ் விவரங்கள் ஜூன்லதான் தெரிய ஆரம்பிக்கும்னும் ஒரு காரணம் சொல்லியிருந்தாங்க.

பெரிய ஆபத்து எங்க இருக்கு?

2024-25 நிதியாண்டுக் கணக்குல ஒரு உதாரணம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாசம் 60,000 ரூபாய் ஒரு கம்பெனியில. அக்டோபர் முதல் மார்ச் வரை மாசம் 85,000 இன்னொரு கம்பெனியில. புதுக் கம்பெனிகிட்ட பழைய சம்பளத்தைச் சொல்லல. புது வரி முறையில ரெண்டு கம்பெனியுமே தனித்தனியா கணக்குப் போட்டா வரியே வராது. ஒரு ரூபாய்கூட பிடிக்க மாட்டாங்க.

ஆனா ரெண்டையும் கூட்டிப் பாருங்க:

- முதல் கம்பெனி: 3,60,000
- ரெண்டாவது கம்பெனி: 5,10,000
- மொத்தம்: 8,70,000
- நிலையான கழிவு 75,000 போக: 7,95,000
- வரி 29,500 + செஸ் 1,180 = 30,680 ரூபாய்

ரெண்டாவது ஃபார்ம் 16-ஐ மட்டும் வச்சு ரிட்டர்ன் போட்டா 'வரி இல்லை'ன்னு வரும். நோட்டீஸ் வரும்போது 30,680 ரூபாயோட வட்டியும் சேர்ந்து நிக்கும். பழைய கம்பெனி பேப்பர் வராதது சாக்கு ஆகாது. வருமானத்தைச் சொல்ல வேண்டிய பொறுப்பு நம்மளோடது.

ஃபார்ம் 16 இல்லாம எப்படிப் போடுறது?

போடலாம். ரிட்டர்னோட எந்தப் பேப்பரையும் இணைக்கத் தேவையில்ல. இந்த வரிசையில போங்க:

1. பே ஸ்லிப் எல்லாத்தையும் எடுங்க. 'கிராஸ்' தொகையைக் கூட்டுங்க. பேங்க்ல விழுந்த தொகையைக் கூட்டாதீங்க. அது பிஎஃப் எல்லாம் போக மிச்சம். மார்ச் சம்பளம் ஏப்ரல்ல விழுந்திருந்தாலும் அது இந்த நிதியாண்டுக் கணக்குதான். வேலையை விட்டப்போ வந்த செட்டில்மென்ட் பேப்பரையும் பாருங்க.
2. 26ஏஎஸ் பாருங்க. வருமான வரி போர்ட்டல்ல லாகின் பண்ணினா கிடைக்கும். கம்பெனி பிடிச்ச வரி உங்க பான் நம்பர்ல ஏறியிருக்கான்னு பாருங்க.
3. ஏஐஎஸ் பாருங்க. சேவிங்ஸ் வட்டி, எஃப்டி வட்டி, டிவிடெண்ட், ஷேர் விற்றது எல்லாம் இருக்கும். தப்பா இருந்தா அங்கேயே ஃபீட்பேக் கொடுக்கலாம்.
4. நிலையான கழிவை ஒரு தடவைதான் எடுங்க. ரெண்டு கம்பெனியும் தனித்தனியா கழிச்சிருப்பாங்க. நமக்கு ஒண்ணுதான்.

பே ஸ்லிப்ல வரி பிடிச்சிருக்கு, 26ஏஎஸ்ல இல்லைன்னா, கம்பெனி அதைக் கட்டல, இல்ல பான் நம்பர் தப்பா போட்டிருக்கு. உடனே எச்ஆருக்கு மெயில் போடுங்க. போன்ல மட்டும் பேசாதீங்க. பிடிச்ச வரியைத் திரும்ப உங்ககிட்ட கேட்கக் கூடாதுன்னு வருமான வரிச் சட்டம் 205-வது பிரிவு சொல்லுது. ஆனா நிரூபிக்க பே ஸ்லிப் உங்க கையில இருக்கணும்.

வரி பிடிச்ச கம்பெனி ஃபார்ம் 16 தர லேட் பண்ணினா, ஒரு நாளைக்கு 500 ரூபாய் வரை அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு. மெயில்ல இதை மரியாதையா ஒரு வரி குறிப்பிட்டாலே சில நேரம் வேலை நடக்கும். வரியே பிடிக்கலைன்னா ஃபார்ம் 16 தர அவங்களுக்குக் கட்டாயம் இல்ல. அப்போ சம்பள ஸ்டேட்மென்ட் கேளுங்க.

போட்ட பிறகு ஃபார்ம் 16 வந்தா?

எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க. ஒத்துப்போனா பத்திரமா வைங்க, வேற வேலை இல்ல. வித்தியாசம் இருந்தா டிசம்பர் 31-க்குள்ள திருத்திய ரிட்டர்ன் போடுங்க. அதுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. கூடுதல் வரி வந்தா அதையும் வட்டியையும் மட்டும் கட்டணும். திருத்தினதையும் 30 நாளுக்குள்ள இ-வெரிஃபை பண்ண மறக்காதீங்க.

பேப்பருக்காகக் காத்திருந்து கடைசித் தேதியை விட்டுட்டா செலவு அதிகம். வருமானம் 5 லட்சத்துக்கு மேலன்னா 5,000 ரூபாய், அதுக்குள்ளன்னா 1,000 ரூபாய் தாமதக் கட்டணம். சம்பளக்காரங்க பழைய வரி முறையையும் தேர்ந்தெடுக்க முடியாது. 80சி, வீட்டு வாடகைக் கழிவு எல்லாம் போச்சு. ஷேர்ல வந்த நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது.

அதனால நான் எல்லாருக்கும் சொல்றது இதுதான்: முன்கூட்டியே மெயில் போட்டுக் கேளுங்க. கடைசித் தேதி நெருங்கியும் வரலைன்னா பே ஸ்லிப்பை வச்சு ரிட்டர்னைப் போட்டுடுங்க. திருத்த டிசம்பர் வரைக்கும் வழி இருக்கு. தேதியை விட்டா திருப்பிப் பிடிக்க வழி இல்ல.

இன்னொண்ணு. அடுத்த தடவை கம்பெனி மாறும்போது, பழைய சம்பள விவரத்தை எழுதி புதுக் கம்பெனிகிட்ட முதல் மாசமே கொடுத்துடுங்க. இந்தத் தலைவலியில முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துடும்.