எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாட்டி

'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில், கைக்கு அகப்பட்டதையெல்லாம் சுருட்டுவாரே ஒரு பாட்டி, ஞாபகம் இருக்கிறதா சகோதரிகளே? அவர்தான் எஸ்.என்.லட்சுமி. எங்கள் விருதுநகர் பக்கத்துச் சென்னல்குடியில் பிறந்தவர்!

நாடக மேடையில் பழகியவர். 'சந்திரலேகா' (1948) முரசு நடனத்தில் கூட்டத்தில் ஒருவராக ஆடினார். 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் நாகேஷுக்கு அம்மா. பிறகு அம்மா, பாட்டி வேஷங்களிலேயே நிலைத்துவிட்டார். எண்பதைத் தாண்டியும் சன் டிவி 'தென்றல்' தொடரில் நடித்தார். 2012 பிப்ரவரியில் காலமானார்.

தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே அந்தத் தொடரைப் பார்ப்பார் என் மாமியார். "ஏத்தா, வயசாயிப்போச்சுன்னு யாரு சொன்னா? இந்தம்மாவைப் பாரு!" என்பார்.

'நாற்பது தாண்டியாச்சு, இனி என்ன இருக்கு' என்று சலித்துக்கொள்வதை அன்றோடு விட்டேன். நீங்களும் விட்டுவிடுங்களேன்!