ஒரே சர்வர்... பல ஐபி முகவரிகள்: எதற்காக, எப்படி, எங்கே சொதப்பும்?

உங்கள் போனில் இரண்டு சிம் இருக்கிறதா? ஒரு நம்பர் வீட்டுக்கு, இன்னொன்று ஆபீஸுக்கு. போன் ஒன்றுதான், ஆனால் கூப்பிடுகிறவர்களுக்கு அது இரண்டு நம்பர். நாம் தினமும் பயன்படுத்தும் ஆப்கள், வெப்சைட்களுக்குப் பின்னால் ஓடும் சர்வர்களிலும் இதே கதைதான். ஒரே மெஷின், ஒரே நெட்வொர்க் கார்டு. ஆனால் அதற்கு இரண்டு, பத்து, ஏன் நூறு ஐபி முகவரிகள்கூட இருக்கலாம்.

இதைச் சேர்ப்பது ஒரே ஒரு வரி கமாண்ட். ஆனால் சேர்த்த பிறகு சரியாகப் பராமரிக்காவிட்டால் பேமென்ட் நிற்கும், மெயில் ஸ்பாமுக்குப் போகும், சில நேரம் சர்வருக்குள் நாமே நுழைய முடியாமல் போய்விடும். ஐடி வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. வாங்க, சிம்பிளாகப் பார்ப்போம்.

முகவரி யாருக்குச் சொந்தம்?

ஐபி முகவரி என்பது மெஷினுக்கு ஒட்டிய லேபிள் என்று பலரும் நினைக்கிறோம். நடைமுறையில் அதைக் கொடுப்பது 'இன்டர்ஃபேஸ்' ஒன்றுக்கு. அதாவது, நெட்வொர்க் கார்டை ஆபரேட்டிங் சிஸ்டம் பார்க்கும் விதம். லினக்ஸில் இதற்கு 'ஈத்0' போன்ற பெயர் இருக்கும். சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுவதுபோல, முகவரியையும் ஒரு இன்டர்ஃபேஸிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்கலாம்.

ஐபிவி6-ல் இது இன்னும் சகஜம். அங்கே ஓர் இன்டர்ஃபேஸுக்கு லோக்கல் நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும் முகவரி ஒன்று, இன்டர்நெட்டுக்கு வேறொன்று எனக் குறைந்தது இரண்டு இருப்பதுதான் வழக்கம்.

எதற்காக ஒன்றுக்கு மேல்?

முதல் காரணம், சர்வரை மாற்றும்போது. பழைய சர்வரை மூடிவிட்டு அதன் முகவரியைப் புதிய சர்வருக்கு இரண்டாவது முகவரியாகக் கொடுத்துவிட்டால் போதும். அந்த முகவரியை நம்பி இருக்கும் நூறு மெஷின்களில் எதையும் மாற்ற வேண்டாம்.

இரண்டாவது, ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்குவதற்காக. இரண்டு சர்வர்கள், அவற்றுக்குப் பொதுவாக ஒரு முகவரி. முதல் சர்வர் படுத்துவிட்டால், இரண்டாவது சர்வர் அந்த முகவரியைத் தனதாக்கிக்கொண்டு, 'இனி இது என்னிடம்' என்று நெட்வொர்க்குக்கு அறிவித்துவிடும். லினக்ஸில் 'கீப்அலைவ்டி', ஓபன்பிஎஸ்டி மற்றும் ஃப்ரீபிஎஸ்டியில் 'கார்ப்' ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. யூஸருக்கு சர்வர் மாறியதே பெரும்பாலும் தெரியாது.

மூன்றாவது காரணம் பழசு. ஒரு காலத்தில் பூட்டுச் சின்னம் கொண்ட ஒவ்வொரு பாதுகாப்பான சைட்டுக்கும் தனி ஐபி தேவைப்பட்டது. 2003-ல் வரையறுக்கப்பட்ட 'எஸ்என்ஐ' என்ற வசதி, எந்த சைட் வேண்டும் என்பதை பிரவுசர் முதலிலேயே சொல்லும்படி செய்தது. இப்போது ஒரே முகவரியில் ஆயிரம் சைட்கள் ஓடலாம்.

ஒரு நிமிஷம்... சும்மா கிடைக்குமா?

கிடைக்காது. ஐபிவி4-ல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலக அளவில் மிச்சமிருந்த கடைசி தொகுப்புகள் 2011 பிப்ரவரியில் மண்டல அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. அமேசானின் கிளவுட் சேவை, 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது. 30 நாள் மாதத்துக்கு 3.60 டாலர். பத்து முகவரியைச் சும்மா வைத்திருந்தால் மாதம் 36 டாலர் காலி.

எப்படிச் சேர்ப்பது?

1983-ல் வெளியான 4.2 பிஎஸ்டியில் வந்த 'இஃப்கான்ஃபிக்' கமாண்ட் இன்றும் ஃப்ரீபிஎஸ்டி, மேக் ஆகியவற்றில் உயிரோடு இருக்கிறது. அங்கே கூடுதல் முகவரிக்குப் பெயர் 'ஏலியஸ்'. லினக்ஸில் முன்பு 'ஈத்0:0', 'ஈத்0:1' என்று போலி இன்டர்ஃபேஸ் பெயர் வைத்துச் சேர்ப்பார்கள். இப்போது 'ஐபி' என்ற கமாண்டே போதும். எந்த முகவரி, எந்த இன்டர்ஃபேஸ் என்று சொன்னால் சேர்ந்துவிடும்.

இங்கேயே ஒரு சின்ன சிக்கல். புதிய 'ஐபி' கமாண்டில் லேபிள் இல்லாமல் சேர்த்த முகவரியை லினக்ஸின் பழைய 'இஃப்கான்ஃபிக்' காட்டாது. 'முகவரியே இல்லையே' என்று சீனியர் சொல்வார், 'நான் சேர்த்தேனே' என்று ஜூனியர் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் ஸ்க்ரீனில் உண்மைதான்!

கிளவுட் சர்வராக இருந்தால் பொதுவாக உள்ளே சேர்ப்பது மட்டும் போதாது. அந்த நிறுவனத்தின் கன்சோலிலும் அதே முகவரியை ஒதுக்க வேண்டும்.

சொதப்பும் 4 இடங்கள்

1. ரீபூட்: கமாண்ட் மூலம் சேர்த்தது மெமரியில்தான் இருக்கும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடும். ஒரு நாள் ராத்திரி அப்டேட்டுக்காக ரீபூட் செய்தால் முகவரி மாயம். அதனால் கான்ஃபிக் ஃபைலிலும் எழுத வேண்டும். உபுண்டுவில் 'நெட்பிளான்', ரெட்ஹேட்டில் 'நெட்வொர்க் மேனேஜர்', ஃப்ரீபிஎஸ்டியில் 'ஆர்சி.கான்ஃப்'. ஃப்ரீபிஎஸ்டியில் ஏலியஸ்களுக்கு 0, 1, 2 என்று நம்பர் போட்டு எழுதினால் வரிசை விட்டுப்போகக் கூடாது. நடுவில் 1 இல்லையென்றால் 2-ஐ அது படிக்காது.

2. முதல் முகவரியை நீக்குவது: லினக்ஸில் ஒரே சப்நெட்டில் முதலில் வந்தது 'பிரைமரி', பிறகு வந்தவை 'செகண்டரி'. பிரைமரியை நீக்கினால் அதோடு சேர்ந்து அந்த சப்நெட்டின் செகண்டரி முகவரிகள் எல்லாமும் போய்விடும்! 'புரமோட் செகண்டரீஸ்' என்ற செட்டிங் ஆன் ஆகியிருந்தால் மட்டும் அடுத்த முகவரி பிரைமரி ஆகும். சில சிஸ்டங்களில் இது ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கும், சிலவற்றில் இருக்காது. நீக்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

3. வெளியே போகும் கால்: இரண்டு சிம் போட்ட போனில் ஆபீஸ் நம்பரிலிருந்து அழைப்பதாக நினைத்து வீட்டு நம்பரில் அழைத்த அனுபவம் இருக்கும். சர்வரும் இதைச் செய்யும். உள்ளே வருவதற்கு எந்த முகவரியும் சரி, ஆனால் சர்வர் தானாக வெளியே பேசும்போது, தனியாகச் சொல்லாவிட்டால் வழக்கமாக பிரைமரி முகவரியைத்தான் காட்டும். கான்ஃபிக் ஃபைலில் வரிசை மாறினால் பிரைமரியும் மாறலாம். அப்போது, பழைய முகவரியை மட்டும் அனுமதித்து வைத்திருக்கும் பேமென்ட் பார்ட்னர் கதவைச் சாத்திவிடுவார். டொமைனின் எஸ்பிஎஃப் பதிவில் இல்லாத முகவரியிலிருந்து மெயில் போனால், அது ஸ்பாமில் விழும் வாய்ப்பு அதிகம்.

4. திறந்த கதவு: பல மென்பொருள்கள் '0.0.0.0' என்ற அமைப்பில் ஓடும். 'இந்த மெஷினின் எல்லா முகவரியிலும் நான் இருக்கிறேன்' என்று அர்த்தம். ஆபீஸுக்குள் மட்டும் ஓடிய டேட்டாபேஸ் சர்வருக்கு ஒரு பொது முகவரியைச் சேர்த்தால், ஃபயர்வால் தடுக்காத பட்சத்தில், அந்த டேட்டாபேஸ் உலகத்துக்கே திறந்துவிடும். எந்த கமாண்டும் இதை எச்சரிக்காது.

அப்போ என்னதான் செய்வது?

சேர்க்கும் முன், அந்த முகவரியை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா என்று 'ஏஆர்பிங்' மூலம் பாருங்கள். எந்த சர்வீஸ் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்பதை 'எஸ்எஸ்' கமாண்ட் காட்டும். உபுண்டுவில் மாற்றங்களை 'நெட்பிளான் டிரை' கொடுத்துச் சோதிக்கலாம். 120 விநாடிகளுக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். தூரத்திலிருந்து வேலை பார்க்கும்போது சர்வருக்கு வெளியே மாட்டிக்கொள்ளாமல் இருக்க இது பெரிய ஆறுதல்.

கடைசியாக, முடிந்தால் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து நீங்களே ஒருமுறை ரீபூட் செய்து பாருங்கள். எல்லா முகவரியும் அதே வரிசையில் திரும்பி வந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். எந்த முகவரி எதற்காக, யார் சேர்த்தது, எப்போது நீக்கலாம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த சர்வரைத் திறக்கப்போகும் ஆளுக்கு அந்த ஒரு வரிதான் வழிகாட்டி. அந்த ஆள் நீங்களாகவே இருக்கலாம்!