ஊர்ப்பெயரில் ஒரு சூழலியல் பாடம்

நடுநிலைப் பள்ளி மாணாக்கர் அறிவியற் பாடத்தில் வாழிடம், உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்போர், உணவுச்சங்கிலி என்னும் சொற்களை மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். சொல்லைக் கற்பவர் பொருளைக் காணாமையே இதற்குக் காரணம் எனலாம். காண்பதற்கு நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. விருத்தாசலத்தை அடுத்துள்ள கருவேப்பிலங்குறிச்சி என்னும் ஊர்ப்பெயரே நமக்குப் போதுமானது.

அப்பெயரில் ஒரு மரமும் ஒரு நிலமும் ஒலிக்கின்றன. குறிச்சி என்பது பண்டு குறிஞ்சி நிலத்து ஊரைக் குறித்த சொல். இன்று சமவெளி ஊர்ப்பெயர்கள் பலவற்றிலும் வழங்குகிறது. இவ்வாறு உயிரையும் அது வாழும் இடத்தையும் சேர்த்து நோக்குவதே சூழலியல். 1866ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் எர்ணஸ்ட் ஹெக்கல் இத்துறைக்குப் பெயர் சூட்டியபோது, ‘வீடு’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையே அடியாகக் கொண்டார்.

ஓர் உயிர் இயல்பாக வாழும் இடம் வாழிடம். அங்குள்ள ஒளி, நீர், மண், வெப்பம் ஆகியன உயிரற்ற காரணிகள். செடி, புழு, பறவை முதலியன உயிருள்ள காரணிகள். இவ்விரண்டும் இணைந்து இயங்கும் தொகுதி சூழ்நிலை மண்டலம் ஆகும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து மரம், விலங்கு, பறவை, உணவு போன்றவற்றைக் கருப்பொருள் என்றும் வகுத்த தொல்காப்பிய நெறி ஈண்டு நினைவுகூரத்தக்கது. அஃது இலக்கியத்திற்கு வகுத்த நெறி, இஃது அறிவியல். இரண்டும் ஒன்றே எனல் மிகையாகும். எனினும், முன்னதை அறிந்த தமிழ் மாணாக்கருக்குப் பின்னது எளிதில் விளங்கும்.

இனி, வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியை நோக்குவோம். அது கதிரொளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்குகிறது, ஆதலின் உற்பத்தியாளர். அதன் இலையைத் தின்னும் பச்சைப்புழு முதல்நிலை நுகர்வோர். விட்டுவைத்தால் அது வண்ணத்துப்பூச்சியாகும். அப்புழுவைக் கொத்தும் தையல்சிட்டு இரண்டாம்நிலை நுகர்வோர். சிட்டைப் பிடிக்கும் வல்லூறு அடுத்த நிலையினது. இத்தொடரே உணவுச்சங்கிலி. சிட்டு வேறு பூச்சிகளையும் உண்ணும். இலையை நாமும் உண்கிறோம். இவ்வாறு சங்கிலிகள் பல பின்னுங்கால் அஃது உணவுவலை எனப்படும்.

ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே சென்று சேர்கிறது. அதனாலேயே புழுக்கள் பலவாகவும் வல்லூறுகள் சிலவாகவும் உள்ளன. ஆனால், டி.டி.டி. போன்ற எளிதிற் சிதையாத நஞ்சோ ஒவ்வொரு நிலையிலும் உடலிற் செறிந்துகொண்டே செல்கிறது. புழுவைக் கொல்லத் தெளித்த மருந்து வல்லூற்றை மிகுதியாகத் தாக்குவது இதனாலன்றோ! உணவுச்சங்கிலி என்னும் சொல்லின் பொருளை உணர்ந்த உழவர் வீட்டுப் பிள்ளை, மருந்துத் தெளிப்பானைக் கையிலெடுக்குமுன் ஒருகணம் எண்ணிப் பார்க்கும்.

‘சிதைப்போர்’ என்னும் சொல்லையும் ஆசிரியர் விளக்கிச் சொல்லுதல் வேண்டும். சிதைத்தல் என்றவுடன் பிள்ளைகள் அதனைத் தீச்செயலாகக் கருதுவர். உண்மையில், பாக்டீரியாவும் பூஞ்சையும் உதிர்ந்த இலையை மட்கச் செய்து, அதன் சத்துகளை மீண்டும் மண்ணுக்கு அளிக்கின்றன. அவை இல்லையேல் அடுத்த தளிருக்கு உணவில்லை. விருத்தாசலத்துச் சூளையில் வெந்த பீங்கான் கிண்ணத்தை அவற்றால் மட்கச் செய்ய இயலாது. பிளாஸ்டிக் பையும் அவ்வாறே. மட்குவன, மட்காதன என்னும் வேறுபாடு இவ்வொப்பீட்டால் தெளிவாகும்.

ஆகவே, கலைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதுவதோடு நில்லாது, மாணாக்கரைப் பள்ளித் தோட்டத்திற்கு அழைத்துச் செல்லுமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறோம். ஒரு செடியின் முன் ஒரு மணிநேரம் நின்று கற்ற சொல் தேர்வுக்குப் பின்னும் மறவாது நிற்கும்.