சுற்றுப்பாதையில் நடப்போம்: வண்டலூர் போகும் குழுக்களுக்கு



எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பகுதிக் குழுக்களில் "ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து எங்கயாவது போய்ட்டு வரலாமே" என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. கோயிலுக்கும் மகாபலிபுரத்துக்கும் போய் வந்தாகிவிட்டது. இந்த முறை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் போகலாம் என்பது என் யோசனை. மிருகங்களைப் பார்ப்பது இருக்கட்டும், மரங்களுக்கு நடுவே சுற்றி வரும் பாதையில் நடப்பதற்காகவே போகலாம்.

"நாங்கதான் நாள் முழுக்க நடக்கிறோமே, காசு குடுத்து வேற நடக்கணுமா?" என்று ஒரு குழுக் கூட்டத்தில் மீன் விற்கும் அக்கா கேட்டார்கள். நியாயமான கேள்வி. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடல் அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேலைக்காக நடப்பதும் இதில் சேரும்தான். ஆனால் தலையில் கூடை இல்லாமல், இடுப்பில் குடம் இல்லாமல், கையை வீசி நிமிர்ந்து நடப்பது நமக்கு எப்போது கிடைக்கிறது? எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கும் தூசிக்கும் நடுவில் அப்படி நடக்க முடியாது. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்தபோது மூச்சு முட்டி வீட்டை விட்டு ஓடினோமே, அந்தக் காற்றில்தான் தினமும் இருக்கிறோம். ஒரு நாளாவது மரத்துக்கு அடியில் மூச்சு விட்டு வருவோம்.

நம் வீட்டுப் பெரியவர்கள் இந்தப் பூங்காவை 'உயிர் காலேஜ்' என்பார்கள். 1855-இல் எழும்பூர் மியூசியத்தில் தொடங்கி, பிறகு சென்ட்ரல் பக்கம், மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. ராயபுரத்தில் இருந்து நடந்தே போய்ப் பார்த்தவர்கள் உண்டு. 1985-இல் வண்டலூருக்கு மாற்றினார்கள். இப்போது 600 ஹெக்டேருக்கும் கொஞ்சம் அதிகம், அதாவது ஏறக்குறைய 1,500 ஏக்கர். அதில் பெரும் பகுதி காடு. ஓட்டேரி ஏரியும் உள்ளேதான் இருக்கிறது. மழைக்குப் பிறகு பறவைகள் வரும்.

இனி முக்கியமான விஷயம். சுற்றுப்பாதை என்றால், எங்கே தொடங்கினோமோ அங்கேயே வந்து முடியும் பாதை. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், அதுவும் சுற்றுப்பாதைதான். போன வழியே திரும்பும் பாதையில் கால் வலித்தால் அங்கேயே திரும்பிவிடலாம். சுற்றுப்பாதையில் அப்படி இல்லை. பாதி தாண்டிவிட்டால் திரும்பி வருவதுதான் அதிக தூரம், வலியோடு மீதியை நடந்தே ஆக வேண்டும். ஆகவே பாதிக்கு முன்பே, கால் பங்கு தூரத்தில் ஒரு தடவை எல்லாரும் உட்காருங்கள். ஊக்குநர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கட்டும்: முட்டி எப்படி இருக்கு, தலை சுத்துதா, தண்ணி குடிச்சியா? பொதுவாக "எல்லாரும் ஓகேவா?" என்று கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பெண்கள் வலியைச் சொல்வதில்லை. ஒரு குழு இப்படி வெளியூர் போனபோது, சர்க்கரை நோய் உள்ள ஒரு உறுப்பினர் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, ரயிலுக்கு நேரமாச்சு என்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். "என்னால மத்தவங்களுக்கு லேட் ஆகக்கூடாது" என்று யாரிடமும் சொல்லவில்லை. பாதி தூரம் தாண்டியதும் வியர்த்து, கை நடுங்கி, உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரிடம் சர்க்கரை இருந்ததால் பிழைத்தார்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் சாப்பிடாமல் நடக்கவே கூடாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையை ஒரு பொட்டலத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பு, நடுக்கம், திடீர்ப் பசி வந்தால் உட்கார்ந்து அதைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை கொடுக்கலாம், பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்கு போன் செய்யுங்கள். நெஞ்சுவலி வந்தவர்கள், பி.பி. அதிகம் உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

நடை வேகத்துக்கு ஓர் அளவு சொல்கிறேன். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட்டு வந்தால் ரொம்ப மெதுவாகப் போகிறோம். பேச்சே வரவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகமாக நடப்பவரை முன்னால் விடாதீர்கள், அவர் ஓடிவிடுவார்! மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். நன்றாக நடக்கும் ஒருவர் கடைசியில் வரட்டும், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. கொஞ்சமும் முடியாதவர்களுக்கு உள்ளே பேட்டரி வண்டி உண்டு. அதில் ஏறுவதில் வெட்கம் எதற்கு?

வார் வைத்த, பழகிய செருப்பு போதும். புதுச் செருப்பு கொப்புளம் போடும். சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டுங்கள். வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர், எலுமிச்சம்பழத்தில் உப்பு சர்க்கரை போட்ட ஜூஸ், புளிசாதம். பிளாஸ்டிக் பை வேண்டாம், மான் தின்றால் செத்துவிடும். குரங்குகள் பையைப் பிடுங்கும், கையில் தின்பண்டத்தோடு நடக்காதீர்கள். 2016 வர்தா புயலில் அங்கே ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. பிறகு நட்டவை வளர்ந்து வந்தாலும் எல்லா இடத்திலும் நிழல் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். ஆனால் காணும் பொங்கல் அன்று மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் நடக்கவே முடியாது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

செலவைப் பற்றி. 2023-இல் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 200 ரூபாய் ஆனது. இப்போது எவ்வளவு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். குழுச் சேமிப்பில் கை வைக்காதீர்கள், உள்கடனும் வேண்டாம். வாரம் 20 ரூபாய் தனியாகப் போட்டால் மூன்று நான்கு மாதத்தில் சேர்ந்துவிடும். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, தனிக் கணக்கு வையுங்கள்.

ரயிலில் போவது சிக்கனம். எண்ணூர், திருவொற்றியூரில் இருந்து பீச் ஸ்டேஷன் வண்டி பிடித்து, அங்கே செங்கல்பட்டு வண்டிக்கு மாற வேண்டும். தாம்பரம் வரை மட்டும் போகும் வண்டியில் ஏறினால் வண்டலூர் வராது. சென்ட்ரல் போகும் வண்டி கிடைத்தால் இறங்கி, ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் ஏறலாம். பூங்கா 9 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் இருந்தால், வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதி நடந்துவிடலாம். மதியம் 3 மணிக்குள் திரும்பும் வண்டியைப் பிடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஆபீஸ் கூட்டம், நடந்த காலோடு நிற்க வேண்டி வரும்.